கிரேஹவுண்ட் வேட்டை நாய்: பழைய ஓவியங்களும் அச்சுப்படங்களும்

கிரேஹவுண்ட் என்பது மோப்பத்தை விடப் பார்வையையும் வேகத்தையும் நம்பி இரையை விரட்டிப் பிடிக்கும் ஐரோப்பிய வேட்டை நாய் இனமாகும். ஒடுங்கிய நீண்ட தலை, ஆழமான மார்பு, உள்ளொட்டிய வயிறு, நீண்ட கால்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உடலமைப்பு புதிதல்ல. ஐரோப்பிய ஓவியங்களிலும் அச்சுப்படங்களிலும் மிக அதிகமாக இடம்பெற்ற நாய்களுள் இதுவும் ஒன்று.

எகிப்தியக் கல்லறைச் சித்திரங்களில் தொடங்கும் இப்படங்களை வரிசையாக வைத்துக் காட்டி, கிரேஹவுண்ட் பல்லாயிரம் ஆண்டுகளாக மாறாமல் வந்த இனம் என்று சொல்வது நாய் வளர்ப்பு நூல்களின் நெடுநாள் வழக்கம். 2004இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான, 85 நாய் இனங்களை ஒப்பிட்ட மரபணு ஆய்வு இதற்குத் துணை நிற்கவில்லை. சலுகி, ஆப்கன் ஆகிய இனங்கள் அதில் தொன்மையான கிளையில் அமைந்தன. கிரேஹவுண்டோ ஐரோப்பிய மேய்ப்பு நாய்களுக்கு அருகில் வந்தது. கூர்ந்து பார்த்தால் படங்களே இதை ஓரளவு சொல்லியிருக்கும். பழைய எகிப்தியச் சுவர்களில் உள்ள வேட்டை நாய்கள் பலவற்றுக்கு நிமிர்ந்த காதும் சுருண்ட வாலும் உண்டு. கிரேஹவுண்டுக்கு அவை இரண்டும் இல்லை. ஒல்லியான உடலை மட்டும் கண்டு உறவு கொண்டாடியதே பிழை.

உடைமையும் ஓவியமும்

இடைக்காலப் படங்களில் கிரேஹவுண்ட் அநேகமாக அரசர், பிரபு, வேட்டைத் துறவி ஆகியோருடனேயே காணப்படுகிறது. இதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல. இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்துச் சட்டம் ஒன்று (1389–90), ஆண்டுக்கு 40 சில்லிங் வருவாய் தரும் நிலம் இல்லாத பொதுமக்கள் வேட்டைக்காக கிரேஹவுண்டோ வேறு நாயோ வைத்திருப்பதைத் தடை செய்தது. மீறினால் ஓராண்டுச் சிறை. கைவினைஞரும் கூலியாட்களும் திருநாளில், நல்ல கிறித்தவர்கள் கோயிலில் இருக்கும் வேளையில், வேட்டை என்ற பெயரில் கூடிக் கலகத்துக்குத் திட்டமிடுகிறார்கள் என்பது அச்சட்டம் கூறிய காரணம். உழவர் கிளர்ச்சி நடந்து பத்தாண்டுகூட ஆகாத காலம் அது. நிலமுடைமையை ஒட்டிய இத்தகைய தகுதி விதி வெவ்வேறு வடிவங்களில் 1831ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் வரை நீடித்தது. ஏழை வீட்டில் இந்த நாய் வளர்ந்திருந்தாலும் அதைப் படமாக்கப் பணமும் இல்லை, துணிவும் இருந்திருக்காது.

பிரான்சின் ஃபுவா பகுதிப் பிரபு காஸ்தோன் ஃபெபுஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூல் இக்காலப் படங்களுக்குச் சிறந்த இருப்பிடம். பாரிசில் உள்ள பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கப் பிரதியில் 87 நுண்ணோவியங்கள் உள்ளன. ஓட்டத்தையும் வேட்டையையும் விட, நாய்களுக்கு மருந்திடும் காட்சியே அதில் மனத்தில் நிற்பது. பணியாட்கள் நாயின் பாதத்தையும் வாயையும் பரிசோதிக்கிறார்கள். நாய் வளர்ப்பு எவ்வளவு உழைப்பு கேட்ட வேலை என்பதை இது காட்டுகிறது.

இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ 1440ஐ ஒட்டி வரைந்த ‘புனித யூஸ்டேசின் காட்சி’ லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. அதில் பலவகை நாய்கள் நிற்கின்றன. ஒரு நாய் முயலை விரட்டுகிறது. அதே துறவியின் கதையை ஜெர்மானியக் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரர் 1501 அளவில் செப்புத் தகட்டில் பொறித்தார். டியூரரின் செப்புப் பொறிப்புகளில் இதுவே மிகப் பெரியது. முன்பகுதியில் ஐந்து வேட்டை நாய்கள் உள்ளன. இவற்றின் அழகை 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாளர் வசாரி தனியே பாராட்டினார். இதற்காக டியூரர் தூரிகையால் தீட்டிய கிரேஹவுண்ட் மாதிரிச் சித்திரம் இன்று விண்ட்சர் அரண்மனைத் தொகுப்பில் இருக்கிறது. உயிருள்ள ஒரு நாயைப் பார்த்து வரைந்தது போன்ற துல்லியம் அதில் உண்டு. கதை துறவியுடையது என்றாலும் நாய் டியூரரின் காலத்தது. இன வரலாற்றுக்குப் பயன்படுவது இந்தப் பகுதிதான்.

பெயர் பெற்ற நாய்கள்

18ஆம் நூற்றாண்டில் நாய் தன் பெயரோடு ஓவியத்தில் நுழைந்தது. பிரெஞ்சு அரசவை ஓவியர் ழான்-பத்தீஸ்த் ஊத்ரி, மன்னர் பதினைந்தாம் லூயியின் மிஸ், துர்லு என்ற இரு நாய்களை 1725இல் வரைந்தார். ஒரு மனிதருக்கு வரைவது போன்ற உருவப்படம் அது.

இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது ஈயோஸ். விக்டோரியா அரசியை மணந்த ஆல்பர்ட் இளவரசர், தாம் சிறுவயது முதல் வளர்த்த இந்தப் பெண் நாயை ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அரசி எட்வின் லேண்ட்சீரைக் கொண்டு அதை வரையச் செய்து, 1841 கிறிஸ்துமசுக்குக் கணவருக்குப் பரிசாக அளித்தார். படத்தில் ஆல்பர்ட் இல்லை. அவருடைய உயரத் தொப்பியும் கையுறைகளும் கைத்தடியும் கிடக்க, பளபளக்கும் கரிய உடலும் வெள்ளைத் திட்டுகளுமாக ஈயோஸ் நிமிர்ந்து நிற்கிறது. அடுத்த ஆண்டு வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டுப் பிழைத்தது, 1844இல் இறந்தது. அரச குடும்பத்தின் அறைக்குள் மாட்டப்பட்டிருந்த இந்த நாய், அச்சுப்படமாகவும் பதிப்பிக்கப்பட்டுப் பொதுமக்களின் சுவர்களுக்கும் சென்றது.

அச்சு செய்த மாற்றம்

நியூகாசில் மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூயிக் 1790இல் வெளியிட்ட நாற்கால் விலங்குகள் பற்றிய நூல் இங்கே முக்கியமானது. அவர் பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்ணிய கோடுகளைச் செதுக்கினார். இக்கட்டையை எழுத்து அச்சுகளோடு ஒன்றாகப் பூட்டி ஒரே ஓட்டத்தில் அச்சிடலாம். செப்புத் தகடுபோல் தனி அச்சு தேவையில்லை. செலவு குறைந்ததால் படம் நடுத்தர வாசகரைச் சென்றடைந்தது. கிரேஹவுண்டுக்கு இடம் கொடுத்த அதே நூலில், கள்ள வேட்டைக்காரர்கள் வைத்திருந்த லர்ச்சர் என்ற கலப்பு நாய்க்கும் பியூயிக் இடம் கொடுத்தார். சட்டம் துரத்திய நாய் இப்படிப் புத்தகத்துக்குள் வந்தது. 1803–04இல் வெளியான ‘ஸ்போர்ட்ஸ்மன்ஸ் கேபினட்’ நூலில் ஃபிலிப் ரைனாகிளின் ஓவியங்களை ஜான் ஸ்காட் செப்பில் பொறித்தார். நாய் வகைகளைத் தனித்தனிப் படமாகக் காணும் பழக்கத்தை வளர்த்த நூல்களில் அதுவும் ஒன்று.

ஓடும் நாயின் படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஓவியர்கள் குதிரையையும் நாயையும் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறப்பதுபோல் வரைந்தனர். 1878இல் மைப்ரிட்ஜ் எடுத்த ஒளிப்படங்கள், குதிரை அப்படி ஓடுவதில்லை என்று காட்டின. கிரேஹவுண்டோ ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை தரையை விட்டு எழும்புகிறது. ஒருமுறை கால்களை உள்ளே மடக்கி, மறுமுறை முழுமையாக நீட்டி. குதிரையில் தவறிய மரபு இந்த நாயில் ஏறத்தாழச் சரியாக அமைந்துவிட்டது.

லிவர்பூல் அருகே ஆல்ட்கரில் 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை முயல் விரட்டுப் போட்டியை ரிச்சர்டு ஆன்ஸ்டெல் பெரிய திரையில் வரைந்தார். 1840ஆம் ஆண்டுப் போட்டியைக் காட்டும் அது லிவர்பூல் வாக்கர் ஓவியக் கூடத்தில் உள்ளது. நாய்களை விட நாய்களின் உரிமையாளர்களே அதில் அதிக இடம் பிடிக்கிறார்கள். கிரேஹவுண்ட் வம்சப் பதிவேடு 1882இல்தான் வெளிவரத் தொடங்கியது. அதற்கு முந்தைய தோற்றத்தை அறிய இத்தகைய படங்களையே நாட வேண்டியுள்ளது.

சான்றாகக் கொள்ளும்போது

தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறிப் பதியும். பொறிப்பாளர் முன்கூட்டியே தலைகீழாக்கி வரையாவிட்டால், இடக்கண் மேலிருந்த திட்டு வலக்கண்ணுக்கு மாறிவிடும். நிறத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. 1792இல் தொடங்கிய ‘ஸ்போர்ட்டிங் மேகசின்’ போன்ற பழைய இதழ்களிலும் நூல்களிலும் கறுப்பு வெள்ளையாக வந்த படத்தாள்கள் பின்னாளில் கத்தரித்து எடுக்கப்பட்டு, சட்டத்தில் அழகாகத் தெரிவதற்காகக் கையால் வண்ணம் தீட்டி விற்கப்பட்டன. தாளும் கோடுகளும் உண்மையிலேயே பழையவை. நாயின் செம்பழுப்போ, நூறாண்டு கழித்து யாரோ ஒரு கடைக்காரர் தேர்ந்த நிறமாக இருக்கலாம்.