கலைத்திட்டம் வரைந்த ஆசிரியர்கள்

கலைத்திட்டம் என்றதும் ஆசிரியர் பலருக்கு நினைவில் எழுவது தலைநகரிலிருந்து வந்து சேரும் தடித்த நூல்தான். யாரோ வகுப்பர், அச்சாகி வரும், வந்ததை வகுப்பறையில் நிறைவேற்றுவதே ஆசிரியர் கடன் என்பது நெடுநாள் வழக்கமாகிவிட்டது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றோர் டைலர், தாபா என்னும் இரு பெயர்களை நன்கறிவர். டைலரின் நான்கு வினாக்களும் தாபாவின் ஏழு படிகளும் தேர்வுக்காக மனனம் செய்யப்பெற்றுத் தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகின்றன. ஆயின், அந்தப் படிகளுக்குப் பின்னால் வகுப்பறை ஆசிரியர்கள் பலர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேசியும் எழுதியும் திருத்தியும் உழைத்த வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றை அறியாமல் அப்படிகளை மட்டும் ஒப்பித்தல், ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு நறுக்குவது போன்றதே.

அவ்வரலாற்றின் முதற்பகுதி அமெரிக்காவின் டென்வர் நகரில் நிகழ்ந்தது. 1920ஆம் ஆண்டு அந்நகரப் பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளராக ஜெசி நியூலன் பொறுப்பேற்றார். வல்லுநர் சிலர் பாடத்திட்டம் வகுப்பதும், ஆசிரியர் அதனைப் பின்பற்றுவதுமே அன்றைய முறை. தான் பங்கேற்று உருவாக்காத திட்டத்தை எந்த ஆசிரியரும் உளமொன்றி நடத்துதல் அரிது என்பது நியூலனின் துணிபு. ஆதலின், பாடந்தோறும் ஆசிரியர் குழுக்களை அமைத்தார். பகலெல்லாம் பாடம் நடத்திக் களைத்தவர்களை மாலையில் கூட்டி வைத்து எழுதச் சொல்வதால் பயனில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார். கல்வி வாரியத்திடம் பொருளுதவி பெற்று, மாற்றாசிரியர்களை அமர்த்தி, குழு உறுப்பினர்களைப் பள்ளி நேரத்திலேயே வகுப்பிலிருந்து விடுவித்தார். பல்கலைக்கழக அறிஞர்களும் வரவழைக்கப்பட்டனர். ஆயினும் அவர்கள் ஆலோசனை கூறவே வந்தனர். எழுதுகோல் ஆசிரியர் கையிலேயே இருந்தது. 1927ஆம் ஆண்டு நியூலன் டென்வரை விட்டுச் சென்ற பின்னரும் இப்பணி அங்குத் தொடர்ந்தது.

அடுத்த பகுதி, கல்வி வரலாற்றில் ‘எட்டாண்டு ஆய்வு’ எனப் பெயர்பெற்ற பெருமுயற்சியாகும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அக்காலத்தில் கல்லூரி நுழைவு விதிகளே முடிவு செய்தன. 1930ஆம் ஆண்டு முற்போக்குக் கல்விக் கழகம் இதனை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. ஏறத்தாழ முப்பது பள்ளிகள் தெரிந்தெடுக்கப்பட்டன; அவற்றின் மாணவர்களை வழக்கமான நுழைவு விதிகளின்றிச் சேர்த்துக்கொள்ள ஏறத்தாழ 300 கல்லூரிகள் இசைந்தன. டென்வர் நகரப் பள்ளிகளும் இம்முயற்சியில் இடம்பெற்றன. 1933இல் தொடங்கிய ஆய்வு 1941 வரை நடைபெற்றது.

விடுதலை கிடைத்துவிட்டது, இனி எல்லாம் எளிதாகும் என்றே பலரும் எண்ணினர். நிகழ்ந்ததோ வேறு. தத்தம் பாடத்தை மட்டுமே கற்பித்துப் பழகிய ஆசிரியர்களுக்கு, எங்குத் தொடங்குவது என்பதே விளங்கவில்லை. கிடைத்த உரிமை அச்சமூட்டுகிறது என்று தலைமையாசிரியர் ஒருவரே ஒப்புக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. ‘உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்’ என்று சொல்வது மட்டுமே ஆசிரியர்க்கு உதவி ஆகாது என்னும் உண்மை அப்பொழுதுதான் புலனாயிற்று.

இந்நிலையில், 1934ஆம் ஆண்டு மதிப்பீட்டுப் பணிக்குத் தலைமையேற்றார் ரால்ஃப் டைலர். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆயத்தமாக இருந்த தேர்வுத்தாள்களை அவர் பள்ளிகளின்மேல் சுமத்தவில்லை. ‘இக்கல்வியால் மாணவரிடம் எம்மாற்றத்தைக் காண விழைகின்றீர்கள்?’ என்பதையே ஆசிரியர்களிடம் கேட்டறிய முற்பட்டார். ‘சிந்திக்கும் ஆற்றல் வளரவேண்டும்’ என்பது போன்ற பொதுவான விடை வந்தால், அவ்வாற்றல் உள்ள மாணவன் எதைச் செய்வான், அதை எவ்வாறு கண்டறிவது என்று மேலும் ஆராயவேண்டும். இத்தகைய உரையாடல்களிலிருந்தே நோக்கங்களும் மதிப்பீட்டுக் கருவிகளும் உருவாயின. 1949இல் டைலர் தம் சிறுநூலில் வைத்த நான்கு வினாக்களுக்கு இப்பட்டறிவே அடித்தளம்.

எனினும், ஓராண்டில் ஓரிரு முறை கூடிப் பிரிவது போதவில்லை. ஆகவே, 1936ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆறு வாரக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆசிரியர்கள் அங்குக் கூடினர். சொற்பொழிவு கேட்டுக் குறிப்பெடுக்க அவர்கள் வரவில்லை. ஒவ்வொருவரும் தம் பள்ளியில் எதிர்கொண்ட சிக்கலைக் கொண்டுவந்தனர். அதற்கேற்ற பாட அலகையோ சோதனைக் கருவியையோ தாமே ஆக்கினர். வல்லுநர்கள் அருகிருந்து உதவினர். ஆசிரியர் பயிற்சியில் இன்று ‘பட்டறை’ என வழங்கும் முறைக்கு இதுவே முன்னோடி. கொல்லன் பட்டறையில் இரும்பு உருமாறும். சொற்பொழிவோடு முடியும் இன்றைய ‘பட்டறை’களில் எப்பொருள் உருமாறுகிறது என்பது கேட்கத்தக்க வினாவே.

ஆய்வின் முடிவு யாது? அப்பள்ளிகளிலிருந்து கல்லூரி சென்ற 1,475 மாணவர், பிற பள்ளி மாணவர் 1,475 பேருடன் இணை இணையாக ஒப்பிடப்பட்டனர். புதுமுறைப் பள்ளி மாணவர் கல்லூரிப் படிப்பில் பின்தங்கவில்லை. சற்று மேம்பட்டே விளங்கினர். மிகத் துணிந்து மாற்றம் செய்த பள்ளிகளின் மாணவரே மிகச் சிறந்தும் விளங்கினர்.

டைலரின் குழுவில் பணியாற்றியவருள் ஒருவர் ஹில்டா தாபா. எஸ்தோனியாவில் 1902ஆம் ஆண்டு பிறந்த இவ்வம்மையார், ஆய்வில் பங்கேற்ற டால்டன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் கலிபோர்னியாவின் கொன்ட்ரா கோஸ்டா வட்டாரத்தில் ஆசிரியர்களோடு இணைந்து சமூகவியல் பாடத்தை வகுத்தார். முழுத்திட்டத்தை முதலில் வரைந்து, பிறகு பாடங்களாகப் பிரிப்பதே வழக்கம். தாபா அதனைத் தலைகீழாக்கினார். ஆசிரியர்கள் முதலில் ஒரு பாட அலகை ஆக்கினர். வகுப்பறையில் நடத்திப் பார்த்தனர். குறை கண்டு திருத்தினர். பெருந்திட்டம் அதன் பின்னரே எழுந்தது. 1962இல் வெளிவந்த அவருடைய நூல் இம்முறையை உலகறியச் செய்தது.

இவ்வரலாற்றில் கசப்பும் உண்டு. 1950ஆம் ஆண்டு எட்டாண்டு ஆய்வுப் பள்ளிகளை மீண்டும் நோக்கியபொழுது, அவற்றுள் பெரும்பாலானவை பழைய வழிக்கே திரும்பியிருந்தன. போர் குறுக்கிட்டது, ஓயாத உழைப்பால் ஆசிரியர் சோர்ந்தனர், பழகிய ஆசிரியர் விலகினர். திட்ட ஏடுகள் எஞ்சியிருந்தாலும், அவற்றை ஆக்கிய அனுபவம் புதியவர்க்குக் கிட்டவில்லை. ஒரு தலைமுறை ஆக்கியதை மறு தலைமுறை அப்படியே பெற்றுக்கொள்ள இயலாது. தானும் அமர்ந்து ஆக்கிப் பார்த்தால்தான் அது தனதாகும்.

மலேசியாவில் கலைத்திட்ட மேம்பாட்டு மையம் 1973ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1983இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமும், 2011இல் தர அடிப்படையிலான கலைத்திட்டமும் நாடெங்கும் முதலாம் ஆண்டு வகுப்புகளில் தொடங்கின. ஆக்கக் குழுக்களில் இடம்பெறும் ஆசிரியர் சிலரே. ஏனையோர்க்குத் தலைமைப் பயிற்றுநர் வழியாகவே செய்தி எட்டுகிறது. தேசியத் திட்டத்தைப் பள்ளிதோறும் மாற்றி எழுத இயலாதுதான். ஆனால், இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் அமரும் தோட்டப்புறச் சிறுபள்ளிக்கும், நகரத்துப் பெரும்பள்ளிக்கும் ஒரே பாட அலகு ஒரே வகையில் பொருந்துமா? அந்த இடைவெளியை நிரப்ப அறிந்தவர் அவ்வப்பள்ளி ஆசிரியரே.

அண்டையிலுள்ள மூன்று நான்கு தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து, ஒரு தவணைக்கு ஒரே ஒரு பாட அலகை ஆக்கி, நடத்தி, திருத்தினாலும் போதும். தாபாவின் வழி அங்கு உயிர்பெறும். அதற்குத் தேவை நேரம். அந்த நேரத்தை மாலைக் களைப்பிலிருந்து பிடுங்காமல், பள்ளிப் பொழுதிலிருந்தே ஒதுக்கித் தருவது தலைமையாசிரியர் கடமை. நூறாண்டுக்கு முன் டென்வரில் நியூலன் செய்து காட்டியதும் அதுவே.