காணியும் யோக்கியதையும்: தஞ்சைக் கல்வெட்டொன்றில் பணி வரையறை

ஒருவரைப் பணியில் அமர்த்துமுன் அப்பணியின் தன்மை, அதற்குரிய தகுதி, ஊதியம் ஆகியவற்றை எழுத்தில் வரையறுப்பது இக்கால நிருவாகவியலின் கொடை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழக வரலாற்றில் இதற்கு முன்னோடி தேடுவோர் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைச் (கி.பி. 919, 921) சுட்டுவர். ஆயின் அவை சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையைக் கூறுவன. கூலிக்குப் பணிபுரிந்தோரின் நிலையை அறிய நாம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கே செல்லவேண்டும்.

முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் (கி.பி. 1014) சுட்டும் கல்வெட்டொன்று அக்கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் உள்ளது. பிற ஊர்த் தளிச்சேரிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 பெண்டிரின் பெயர், முன்பிருந்த ஊர், இப்போது குடியிருக்கும் தெருச் சிறகு, வீட்டின் வரிசை எண் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். அதை அளக்கவேண்டிய மரக்காலின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளது. நட்டுவருக்கு இரு பங்கு. பாடுவோர், கொட்டுவோர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், தையற்காரர், கணக்கர் எனப் பட்டியல் நீள்கிறது. மற்றொரு கல்வெட்டின்படி, திருப்பதியம் விண்ணப்பஞ்செய்த 48 பிடாரரும் உடுக்கை, கொட்டிமத்தளம் வாசித்த இருவரும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் பெற்றனர். ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 91 கலம்.

இத்தனை நுணுக்கமாக எழுதிய ஆவணம், ஆடுவோர் எதனை ஆடவேண்டும், எவ்வேளையில் ஆடவேண்டும் என்பதைக் கூறவில்லை. அதன் கவலை வேறு: பணியாளர் இறந்தாலோ ஊரைவிட்டுச் சென்றாலோ அவ்விடத்தை நிரப்புவது யார்? அடுத்த உறவினர் அக்காணியைப் பெற்றுப் பணிசெய்யலாம். அவர் யோக்கியர் அல்லராயின், யோக்கியராயிருப்பாரை ஆளிட்டுப் பணிசெய்வித்து நெல்லைப் பெறலாம். உறவினரே இல்லையெனில், அத்தகைய காணியுடைய ஏனையோரே தகுந்த ஒருவரைத் தெரிவு செய்வர். நெல்லும் அவ்வாறு தெரிவு செய்யப்பட்டவருக்கே.

பதவியைக் காணி என்று வழங்கியிருப்பது கருதத்தக்கது. நிலத்தைப் போலவே பணியும் வழிவழி உரிமையாயிற்று. எனினும் பணி கெடக்கூடாது என்ற எண்ணத்தால் தகுதியும் அதனுடன் வலியுறுத்தப்பட்டது. இரண்டும் மோதியபோது, உரிமையை ஒருவரிடமும் உழைப்பை மற்றொருவரிடமும் விட்டு ஓலை எழுதியோர் சிக்கலைத் தீர்த்தனர். இது தீர்வுதானா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

உத்திரமேரூர்ச் சபையார் தகுதியை ஐயமின்றி விளக்கினர்: வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வயது வரம்பு. அவ்வரம்பையும் 30–60 என்பதிலிருந்து 35–70 என இரண்டே ஆண்டுகளில் மாற்றினர். தஞ்சையிலோ யோக்கியர் என்ற ஒரு சொல்லே நிற்கிறது. மத்தளம் கொட்டுவோரின் திறமையை மத்தளம் கொட்டுவோரே அறிவர் என விட்டுவிட்டனர் போலும். அது அறிவுடைய செயலே எனலாம். ஆனால் ஆளாக இடப்பட்டு உண்மையில் உழைத்தவருக்கு அந்நெல்லில் எத்தனை கலம் சேரவேண்டும் என்பதை, மரக்காலின் பெயரைக்கூட விடாத அக்கல்வெட்டு வரையறுக்கவில்லை.