கோப்புப் பரிமாற்ற நெறிமுறையும் காத்திருப்பு முறையும்

ஒரு காலத்தின் தேவைக்கென வகுக்கப்பட்ட விதி, பிறிதொரு காலத்தின் இடர்களைதற்குப் பயன்படுதல் வரலாற்றில் அரிதன்று. கணினி வலையமைப்பின் வரலாற்றில் இதற்கு நல்லதொரு சான்று, கோப்புப் பரிமாற்ற நெறிமுறையில் அடங்கிய ‘பாசிவ்’ என்னும் காத்திருப்பு முறையாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் ஆர்பாநெற் வலையமைப்பு 1969 ஆம் ஆண்டிலே தோன்றிற்று. அதற்குரிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த அபய் பூஷண் 1971 ஏப்பிரலில் முன்மொழிந்தார். பின்வந்த திருத்தங்கள், கட்டளைக்கு ஒன்றும் கோப்புக்கு ஒன்றுமாக இரு இணைப்புகளை வகுத்தன. பயனர், வழங்கியின் 21 ஆம் துறையை நாடிக் கட்டளை இணைப்பை ஏற்படுத்துவார். கோப்பிணைப்பையோ, வழங்கியே தன் 20 ஆம் துறையிலிருந்து பயனரின் கணினியை நோக்கி ஏற்படுத்தும். வலையமைப்பிற் சேர்ந்த கணினிகள் சிலவாயிருந்த அக்காலத்தில் வெளியிலிருந்து வரும் அழைப்பை எவரும் ஐயுறவில்லை.

ஜோன் பொஸ்ரெல், ஜொய்ஸ் ரெயினோல்ட்ஸ் ஆகிய இருவரும் 1985 ஒக்டோபரில் வெளியிட்ட ஆவணமே இந்நெறிமுறைக்கு நிலையான வடிவம் தந்தது. வழங்கி தானாக அழையாது, ஒரு துறையைத் திறந்து வைத்துக் காத்திருக்குமாறு பணிக்கும் கட்டளையும் அதிற் காணப்படுகின்றது. மூன்றாமிடத்திலுள்ள பயனர் இரு வழங்கிகளைத் தம்முட் கோப்புப் பரிமாறச் செய்யும்போது, ஒன்று காத்திருக்க மற்றது அழைத்தல் வேண்டும். அவ்வாவணம் அக்கட்டளையின் பயனை இவ்வாறே விளக்கிற்று.

தொண்ணூறுகளில் இணையம் விரிவுற்றது. நிறுவனங்கள் தத்தம் வலையமைப்பைச் சுற்றித் தீச்சுவர் எழுப்பின. வெளியிலிருந்து வரும் அழைப்பைச் சுவர் தடுக்கவே, கட்டளை சென்றும் கோப்பு வாராதொழிந்தது. ஸ்ரீவன் பெலொவின் 1994 பெப்ரவரியில், பயனர் மென்பொருள்கள் காத்திருப்பு முறையையே கைக்கொள்ளலாம் என எடுத்துக்காட்டினார். அம்முறையில் இரு இணைப்புகளையும் பயனரே உள்ளிருந்து தொடங்குவதால் சுவர் தடையாவதில்லை.

எனினும் இடர் முற்றும் நீங்கிற்றிலது. பயனரின் வாயிலிலிருந்து வழங்கியின் வாயிலுக்கு அது பெயர்ந்தது. காத்திருக்கும் வழங்கி ஆறு எண்களை விடையாக அனுப்பும். முதல் நான்கும் முகவரி. இறுதி இரண்டும் துறையைக் குறிப்பன. அவை 195, 80 எனின், 195ஐ 256ஆற் பெருக்கி 80ஐக் கூட்ட 50000 ஆம் துறை பெறப்படும். ஆகவே வழங்கியை அமைப்போர் மூன்று செயல்களைச் செய்தல் வேண்டும். 50000 முதல் 50100 வரை என்றாற்போலத் துறைகளுக்கு எல்லை வகுத்தல் ஒன்று. அவ்வெல்லையை மாத்திரம் தீச்சுவரிலே திறத்தல் இரண்டாவது. வழங்கி உள்முகவரியுடன் சுவருக்குப் பின்னே இருப்பின், வெளியார் அறியும் முகவரியையே விடையிற் கூறச் செய்தல் மூன்றாவது. இம்மூன்றாவதை மறந்தால், பயனர் உள்நுழைந்தும் கோப்புப் பட்டியலைக் காணாது நிற்பர். முகவரியை விடுத்துத் துறையெண்ணை மட்டும் அறிவிக்கும் புதிய கட்டளை 1998 இல் வகுக்கப்பட்டமைக்கு முகவரி பற்றிய இத்தகைய சிக்கல்களும் காரணமாயின.

கடவுச்சொல்லையும் மறைப்பின்றி அனுப்பும் இப்பழைய நெறிமுறையை முதன்மையான இணைய உலாவிகள் 2021 இற் கைவிட்டன. ஆயினும், நம்பிக்கையின் காலத்திற் பிறந்த ஒரு நெறிமுறை, ஐயத்தின் காலத்திலும் நெடிது நிலைத்தமைக்கு, வேறொரு நோக்குடன் அதனுள் வைக்கப்பட்ட ஒரு சிறு கட்டளை துணைநின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.