கோட்டுக்கு வெளியே மூச்சுமுட்டும் உடல்கள்

ஒரு நோயை வரையறுப்பது யார் நோயாளி, யார் இல்லை என்று கோடு கிழிப்பதும்தான். கடும் நுரையீரல் செயலிழப்பின் வரலாறு இந்தக் கோடு இடம்மாறிய வரலாறு.

1967இல் அமெரிக்காவின் டென்வரில் ஆஷ்பா, பிகெலோ, பெட்டி, லெவின் ஆகியோர் 12 நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்கள். காயம், தொற்று, கணைய அழற்சி என்று காரணங்கள் வேறுவேறு, மூச்சுமுட்டல் ஒன்றே. 7 பேர் இறந்தார்கள். படுக்கையருகே நின்ற கண் கண்டடைந்த நோய் இது. 1994இன் மாநாடும் 2012இன் பெர்லின் வரையறையும் அந்தக் கண்ணின் இடத்தில் ரத்த ஆக்ஸிஜன் விகிதத்தை வைத்தன.

2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வென்டிலேட்டர் செலுத்தும் காற்றின் அளவைப் பாதியாகக் குறைத்தாலே சாவு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. அதில் சேமித்த ரத்தத்தையும் இன்னோர் ஆய்வின் ரத்தத்தையும் 2014இல் கால்ஃபி குழுவினர் அலசினார்கள். இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற குறிப்பான்கள் ஒரே பெயருக்குள் இரண்டு வகை உடல்களைக் காட்டின. அழற்சி மிகுந்தவர்களிடையே சாவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2018இல் இன்னொரு திருப்பம்: மொத்தத்தில் பலனில்லை என்று முடிவான சிம்வாஸ்டாட்டின், அழற்சி மிகுந்தவர்களில் கூடுதலானோரைப் பிழைக்க வைத்திருப்பது மறுபகுப்பாய்வில் தெரிந்தது. பின்னோக்கிப் பார்த்த கணக்குதான், நிரூபணமல்ல. ஆனாலும் 'சராசரி நோயாளி' என்கிற கட்டுமானம் ஆட்டங்கண்டது.

சரி, யாருடைய ரத்தம் அளக்கப்படுகிறது? ருவாண்டாவின் கிகாலியில் ஒரு மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானி, அல்ட்ராசவுண்ட் என்று கைக்கெட்டியதை வைத்து அவர்கள் கோட்டை மாற்றினார்கள். 42 நோயாளிகள் தென்பட்டார்கள். பெர்லின் அளவுகோல்படி பார்த்தால் ஒருத்தர்கூடத் தேறமாட்டார். நோய் இருக்கு, நோயாளி இல்லை! அந்த 42 பேரில் பாதிப்பேர் இறந்தார்கள். 2023இல் வெளியான உலகளாவிய வரையறை இந்தத் திருத்தத்தை உள்வாங்கிக்கொண்டது. அந்த மானியும் அப்பாவி இல்லை: கறுப்பினத்தவரின் ஆக்ஸிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக அது தவறவிடுவதை 2020இல் அமெரிக்க ஆய்வொன்று சுட்டியது.

ஆகவே ரத்தக் குறிப்பான்களை நிராகரிப்பதல்ல நம் வேலை. எந்த உடலுக்கு எந்த மருந்து என்று அவை சொல்லட்டும். 'இவர் எப்படியும் பிழைக்கமாட்டார்' என்ற கணிப்பு, படுக்கை பற்றாத இடத்தில் 'இவருக்குப் படுக்கை எதற்கு' என்று மாறிவிட அதிக நேரம் பிடிக்காது. அந்த இடத்தில்தான் நாம் குறுக்கே நின்று கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.