தள்ளுவண்டி முதல் ரோபோ வரை: யாருக்கு எந்தப் பயிற்சி?



திருநின்றவூரில் தூய்மைப் பணியாளர்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சி ஒன்றில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். கையுறை போடுவது எப்படி, மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு, ஆளுக்கொரு சான்றிதழ், கடைசியில் குழுப்படம். கிளம்பும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "சார், கழிவுநீர் லாரி ஓட்ட எப்ப கத்துத் தருவீங்க?"

"அது இந்தப் பயிற்சியில வராதும்மா" என்றார் பயிற்சியாளர்.

அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவரிடம் கொடுத்த பாடத்திட்டம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் எழுபது ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. புதிதாகக் களத்துக்கு வரும் மாணவத் தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1942இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே, பட்டியல் சாதியினரின் குறைகளை வைஸ்ராய் லின்லித்கோவிடம் எழுத்தில் வைத்தார். அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் பழகுநர் இடம் கேட்டார். அன்றைக்கு வளர்ந்துகொண்டிருந்த தொழில்கள் எவையோ, அவற்றின் உள்ளே போகும் வழியைக் கேட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசுகள் கொடுத்தது வேறு. மலம் அள்ளுவோரின் வாழ்நிலையை ஆராய 1949இல் பம்பாய் அரசு பர்வே குழுவை அமைத்தது. 1957இல் மத்திய அரசு மல்கானி குழுவை அமைத்தது. தலையில் கூடை சுமப்பதை ஒழிப்பது இந்தக் காலத்தின் பெரிய அக்கறையாக இருந்தது. அதற்காகத் தள்ளுவண்டி வாங்க நகராட்சிகளுக்கு மானியம் போனது. கூடை வண்டியானது. வண்டியைத் தள்ளிய கை அதே சாதியின் கைதான்.

மாற்றுத் தொழில் பயிற்சி என்ற பேச்சு தேசிய அளவில் திட்டமாக வந்தது 1992இல். கடனும் மானியமும் பயிற்சியும் தந்து இந்தத் தொழிலிலிருந்து மக்களை விடுவிப்போம் என்றார்கள். 1993இல் தடைச் சட்டமும் வந்தது. பத்தாண்டு கழித்து, 2003இல், இந்தியக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை உண்மையைச் சொன்னது: 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்தும் திட்டம் தன் நோக்கத்தை அடையவில்லை. 2007இல் இன்னொரு திட்டம். 2013இல் புதிய சட்டம். அது நடைமுறைக்கு வந்த நாள் டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாள்.

அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் ஒருவர் மலத்தைச் சுத்தம் செய்தால், சட்டத்தின் கண்ணில் அவர் கையால் மலம் அள்ளுபவர் அல்ல. கையுறைப் பயிற்சியை இதோடு சேர்த்துப் பாருங்கள். உயிரைக் காக்கக் கையுறை கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. அதே கையுறை ஒருவரைக் கணக்கிலிருந்தே மறைத்துவிடவும் உதவும்.

கணக்கில் வந்தவர்கள் யார்? 2021இல் நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதிலின்படி, சாதி விவரம் தெரிந்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்கு 97 பேர். எந்தப் பயிற்சித் திட்டமும் இந்த எண்ணைத் தொடவில்லை.

இப்போது துறையே மாறிக்கொண்டிருக்கிறது. பசுமை வேலைகளுக்கென்று 2015இல் தேசியத் திறன் கவுன்சில் அமைந்தது. அதன் பட்டியலில் குப்பை சேகரிப்பவர், சஃபாய் கரம்சாரி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய டெக்னீஷியன் என்று தனித்தனிப் படிப்புகள் உண்டு. 2018இல் கேரளத்தில் சாக்கடைக் குழிக்குள் இறங்கும் 'பாண்டிகூட்' ரோபோ வந்தது. 2023இல் மத்திய அரசு 'நமஸ்தே' திட்டத்தைத் தொடங்கியது. வேலை இயந்திரத்துக்கு மாறும்போது சம்பளமும் மரியாதையும் கூடுகிறது. கூடும் அந்த நேரத்தில் யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்பதே இன்றைய கேள்வி.

அந்த அக்காவின் கேள்விக்கு 'முடியும்' என்று சொல்லும் உதாரணங்களும் இருக்கின்றன. 2019இல் தில்லியில் சாக்கடை சுத்தம் செய்யும் 200 இயந்திர வண்டிகள், இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் சொந்தமாக்கப்பட்டன. 2024இல் சென்னைக் குடிநீர் வாரியப் பணிகளுக்காக 213 தூய்மைப் பணியாளர்களைத் தொழில்முனைவோராக்கும் திட்டம் வந்தது. வண்டி கடனில் வருகிறது, ஆகவே ஒப்பந்தம் நிலைக்காவிட்டால் கடன்தான் மிஞ்சும். அதையும் கண்காணிக்க வேண்டும். ஆனால் குழிக்குள் இறங்கியவர் வண்டிக்குச் சொந்தக்காரராக முடியும் என்பது கண்முன் இருக்கிறது.

அதே சென்னையில், 2025 ஆகஸ்டில், தனியார்மயத்தை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். கேட்டது பணி நிரந்தரம். நள்ளிரவில் அப்புறப்படுத்திய பிறகு கிடைத்தது காலை உணவு, சுயதொழில் கடன் போன்ற அறிவிப்புகள். நிரந்தர வேலையைக் கேட்டவரிடம் 'சுயதொழில் செய்' என்பது 1992இன் அதே குரல்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். திருநின்றவூர் 2021இல் நகராட்சியானது. வீடுகள் பெருகப் பெருகச் செப்டிக் டேங்க்குகளும் பெருகுகின்றன. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைகளின் அபாயகரமான கழிவுகளைச் சேர்த்துப் புதைக்கும் பொது வளாகம் இருக்கிறது. ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஆபரேட்டர் வேண்டும், சோதிக்க ஆய்வகப் பணியாளர் வேண்டும், தொட்டியைக் கழுவவும் ஆள் வேண்டும். முதல் இரண்டுக்கும் ஐ.டி.ஐ., டிப்ளமோ கேட்கிறார்கள். மூன்றாவதற்கு எந்தப் படிப்பும் கேட்பதில்லை. காலனிக்கு வந்து ஆள் கூட்டிப்போகிறார்கள்.

அதனால், இனி எந்தப் பயிற்சி அறிவிப்பு வந்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தச் சான்றிதழ் எந்த வேலைக்கு? அந்த வேலைக்குச் சம்பளம் எவ்வளவு, நிரந்தரமா ஒப்பந்தமா? வண்டியும் இயந்திரமும் யார் பெயரில் இருக்கும்? பணியாளரின் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.யிலும் தொழில் பழகுநர் பயிற்சியிலும் எத்தனை இடம்? பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மனு எழுத நாங்கள் உடன் வருகிறோம்.

1942இல் அண்ணல் பணிமனைக்குள் இடம் கேட்டார். பின்வரிசை அக்கா கேட்டதும் அதைத்தான்.

ஜெய்பீம்.