மாட்டின் தோலில் எழுதின வரலாறு

எங்கட செம்மறிக்குக் கத்தரிக்கிற அளவு கம்பளி இல்லை. அது உலர் வலயத்துக்கு ஏற்ற, குட்டை மயிர் ஆடு. கம்பளி வெட்டும்போது ஆடு படுற பாடு அவுஸ்திரேலியாவின் விவாதம். வன்னியில் நாங்கள் கேட்கவேண்டியது குறிசுடுறதைப் பற்றி.

காட்டுக்கரையிலும் அறுவடை முடிஞ்ச வயலிலும் பல பட்டி மாடுகள் கலந்துதான் மேயும். எது யாருடையது என்று பிரிக்க, பழுக்கக் காய்ச்சின இரும்பால் உரிமையாளரின் எழுத்தைத் தோலில் சுட்டார்கள்.

மிருகவதையைக் குற்றமாக்கிய கட்டளைச் சட்டம் இலங்கையில் 1907இலேயே வந்துவிட்டது. அதில் போட்ட உச்சத் தண்டம் 100 ரூபா. ஆனால் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் குறிசுடுதலை ஒழுங்குபடுத்தியதே தவிர, நிறுத்தவில்லை. அரசுக்கும் மாட்டின் வலியைவிட அதன் உரிமைதான் பெரிசாகத் தெரிந்தது.

பிறகு போர். 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த சனம் பட்டிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனது. மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பினவர்கள் பலரிடம் பத்திரமும் இல்லை, படமும் இல்லை. கட்டாக்காலியாய்த் திரிஞ்ச மாட்டின் தோலில் மட்டும் குடும்பத்தின் எழுத்து மிஞ்சியிருந்தது.

இதை வைத்துக் குறிசுடுறதை நியாயப்படுத்த ஏலாது. காயம் மாட்டுக்கு, பயன் எங்களுக்கு. அடையாளத்துக்கு இப்ப காதில் குத்துற இலக்கத் தகடு இருக்கு. அதுவும் வலிக்கும், ஆனால் சூட்டுக் காயம் மாதிரி இல்லை. இரும்பை ஓரம் வைப்பம். அதுக்கு முதல், ஊர்ப் பெரியாக்களிட்டக் கேட்டு அந்தக் குறிகளை ஒரு கொப்பியில் எழுதி வைப்பம். எங்கட வரலாற்றைச் சுமக்க இனி ஒரு கன்று சூடு வாங்கத் தேவையில்லை.