நாடியைத் தணித்த வேர்

பெண்ணாடத்தில் என் சித்தி இரத்தக் கொதிப்புக்கு விழுங்கும் அட்டினோலால், நாடித்துடிப்பையும் குறைக்கும். இதயத்தை விரட்டும் அட்ரினலினை வாசலிலேயே மறித்துவிடும். அதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தது சர்ப்பகந்தி வேர். அதை 1949இல் உலகுக்குச் சொன்னவர் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட அதன் சத்தான ரெசர்பின், நரம்பு முனைகளின் நார்அட்ரினலின் சேமிப்பையே காலிசெய்தது. அழுத்தம் தணிந்தது, துடிப்பு மெதுவானது, சிலருக்கு மனமும் சோர்ந்தது. (வீட்டில் பெண் அடங்கிப்போனால் அதை நோயென்று யார் பார்ப்பார்கள்?)

வக்கீலின் பெயர் நிலைத்துவிட்டது. அச்செடியின் வேதியியலை ஆராய்ந்த அசீமா சாட்டர்ஜி, குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள் என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் விழிக்கிறார்கள். ஜானகி அம்மாள் 1984இல் இறக்கும்வரை, சென்னையையொட்டிய மதுரவாயலில் மருந்துச் செடிகளோடுதான் இருந்தார்.